குறைவாக ஊதியும் ஏன் கூடக் களைக்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். பாடசாலை பாண்டில் எட்டு வருடம் ட்ரம்பட் ஊதியிருக்கிறீர்கள். இப்போது 26 வயது, ராஜகிரியவில் வேலை, ஆறு மாதமாகக் கொழும்பில் ஒரு ஓர்கெஸ்ட்ராவில் இரண்டாம் ட்ரம்பட், ட்வோர்ஷாக்கின் நியூ வேர்ல்ட் சிம்பொனிக்கு, நாலு பகுதி கொண்ட அந்த நீண்ட ஓர்கெஸ்ட்ரா இசைக்கு, ஒத்திகை போய்க்கொண்டிருக்கிறது. பாண்டில் இரண்டு மணித்தியாலம் விடாமல் ஊதிவிட்டு அதே உடுப்போடு கிரிக்கெட்டும் விளையாடிய ஆள், இங்கே கால்வாசி நேரம்கூட ஊதுவதில்லை, ஆனால் வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றவும் தெம்பில்லாமல் கதிரையில் விழுகிறேன், எனக்கு உடம்பில் ஏதும் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாண்டா ஓர்கெஸ்ட்ராவா எதில் களைப்புக் கூட என்பது வெளியில் தெரிகிற கேள்வி. நீங்கள் உண்மையில் கேட்பது, ஊதாமல் இருக்கும் நேரத்தில் மனிதனுக்கு எப்படிக் களைக்கும் என்பதுதான். அது நல்ல கேள்வி, ஏனென்றால் அதற்குள்தான் பதிலும் இருக்கிறது.

நான் ட்ரொம்போன்காரன். பாடசாலை பாண்டில் தொடங்கி, கலியாண வீட்டு பாண்டுகளில் சில காலம் அலைந்து, பிறகு ஓர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. பின்னேரங்களில் வெள்ளவத்தையில் வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பித்தளை வாத்தியங்கள் சொல்லிக்கொடுக்கிறேன். வைத்தியன் இல்லை. உதட்டைப் பற்றிச் சொல்வது என் உதட்டிலும் மாணவர்களின் உதட்டிலும் கண்டது, கொஞ்சம் வாசித்தது. கிளாரினட், ஒபோ போன்ற மரவாத்தியங்களைப் பற்றிச் சொல்வது முன்வரிசை நண்பர்களிடம் தேத்தண்ணி இடைவேளையில் கேட்டது. அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. வாயைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு தசை இருக்கிறது, உதட்டைக் குவிப்பதும் மூடுவதும் அதன் வேலை. ட்ரம்பட் ஊதும்போது அதைக் கன்னத்துத் தசைகள் இரு பக்கமும் இழுத்துப் பிடிக்க, நடுவில் மவுத்பீஸ், அதாவது உதடு வைக்கிற உலோகக் கிண்ணம், வந்து அமர்கிறது. எந்தத் தசையையும் அசையாமல் இறுக்கி வைத்திருந்தால் அதற்குள் இரத்த ஓட்டம் குறையும், வாளித் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு இது தெரியும். ட்ரம்பட்டில் அதற்கு மேலால் ஒரு உலோக வளையமும் அழுத்துகிறது. உயரத்து ஸ்வரங்களுக்குப் போகப் போக, களைத்துப் போகப் போக, நாம் அறியாமலே இடது கை வாத்தியத்தை முகத்தோடு இறுக்குகிறது. இறுக்க இறுக்க இரத்தம் இன்னும் குறைகிறது. ஊதி முடித்துக் கண்ணாடியில் பார்த்தால் உதட்டில் காசு வைத்து அழுத்தியது போல ஒரு வட்டம் தெரியும். இதற்கு மருந்து ஓய்வுதான், அதிலும் ஒரேயடியாக அரை மணித்தியாலம் விடுவதை விட, அடிக்கடி பத்து விநாடி, இருபது விநாடி வாயை எடுப்பது நல்லாக வேலை செய்கிறது. வாயை எடுத்த உடனே இரத்தம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான் சங்கதி.

இப்போது உங்கள் பாண்டை நினைத்துப் பாருங்கள். ட்ரம்பட்டும் அதன் குட்டையான தம்பி கோர்னெட்டும் சேர்த்து எட்டுப் பேராவது இருந்திருப்பீர்கள், அதில் மூன்று நான்கு பேர் ஒரே வரியை ஊதியிருப்பீர்கள். அணிவகுப்பு மார்ச் இசை ஒன்று நான்கு நிமிடம். அதற்குள் உதடு கெஞ்சினால் என்ன செய்தீர்கள்? வாயை மவுத்பீஸில் வைத்தபடியே காற்று விடாமல் விரலை மட்டும் ஆட்டினீர்கள். நானும் செய்தேன், ட்ரொம்போனின் இழுகுழாயான ஸ்லைடை மட்டும் இழுத்துக்கொண்டு முகத்தை வீரமாக வைத்திருப்பேன், பாண்ட் மாஸ்டருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். அந்தத் திருட்டுத்தான் பாண்டின் ஓய்வு முறை. மார்ச் மாதம் பாடசாலைகளின் பிக் மெட்ச் கிரிக்கெட் வந்தால், ஆரவாரத்துக்குப் பப்பரே பாண்ட் ஊதுகிறவர்களைப் பாருங்கள், காலையிலிருந்து பின்னேரம் வரை வெயிலில் நின்று ஊதுகிறார்கள், எப்படி முடிகிறது? ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் பிடிக்கிறான், நடுவில் டிரம்காரர் தனியாக அடிக்கிறார், ஒரு பிளேன்டீ உள்ளே போகிறது, பிழை விட்டால் ஆரவாரத்தில் யாருக்கும் கேட்பதில்லை. எங்கள் கோயில்களில் இதைத் திருட்டு இல்லாமல் முறையாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டு நாதஸ்வரம் மாறி மாறி வாசிக்கும், தவில் தனி தொடங்கினால் இரண்டு பேரும் சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இளைப்பாறுவார்கள். யாழ்ப்பாணத்துத் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்களே, அந்தத் தவில் பேசிய நேரம் முழுக்க நாதஸ்வரக்காரரின் உதட்டுக்கு விடுமுறை. பாவம் பழைய காலத்து ஒத்து ஊதுகிறவர்தான், ஒரே சுருதியை விடாமல் ஊதவேண்டும், அவருக்குப் பதிலாக இப்போது சுருதிப்பெட்டி வந்துவிட்டது.

அதற்காகப் பாண்ட் சுலபம் என்று சொல்லவில்லை. பாண்டில் உண்மையாகவே உதடு தேய்கிறது, குறிப்பாக முதல் கோர்னெட், யுபோனியம், கிளாரினட் மூன்றுக்கும். ஓர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய இசையைப் பாண்டுக்கு மாற்றும்போது வயலினின் வரிகளைக் கிளாரினட்டிடம் கொடுப்பது வழக்கம். வயலினுக்கு மூச்செடுக்கத் தேவையில்லை, கிளாரினட்காரனுக்குத் தேவை. அதனால்தான் அந்த வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, ஆளுக்கொரு இடத்தில் மூச்செடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் பாண்டிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 1952இல் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஃபென்னல் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் ஒரு காற்று வாத்தியக் குழுவைத் தொடங்கியபோது, ஓர்கெஸ்ட்ராவில் போல ஒரு வரிக்கு ஒரே ஆள் என்ற கொள்கையை வைத்தார். அப்படியான குழுவில் ஊதியவர்களைக் கேட்டால், பாண்ட் என்ற பெயர் இருந்தாலும் களைப்பு வேறு மாதிரி என்பார்கள். ஆகவே என் கணக்கில் முதலாவது பிரிவு கோடு பாண்டுக்கும் ஓர்கெஸ்ட்ராவுக்கும் நடுவில் இல்லை, பல பேர் சேர்ந்து ஒரு வரியை ஊதுவதற்கும் தனியாக ஒரு வரியைச் சுமப்பதற்கும் நடுவில் இருக்கிறது. நியூ வேர்ல்டில் இரண்டு ட்ரம்பட். நீங்கள் விரலை மட்டும் ஆட்டினால் அந்த ஸ்வரம் மண்டபத்தில் இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, காத்திருப்பது. ட்ரொம்போன்காரனிடம் இதைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் ட்ரொம்போன் முதல் மூன்று பகுதியிலும் கிடையாது, கடைசிப் பகுதியில்தான் வருகிறது. நீங்கள் இப்போது வாசிக்கிற நியூ வேர்ல்டில் டியூபாக்காரருக்கு இரண்டாம் பகுதியில் சொற்ப ஸ்வரங்கள், மற்ற மூன்று பகுதியிலும் ஒன்றுமே இல்லை. அதற்காக அவர் டியூபாவைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் வரவேண்டும். எல்லாவற்றிலும் கொடியது பிராம்ஸின் முதலாவது சிம்பொனி. மூன்று பகுதி, ஏறத்தாழ அரை மணித்தியாலம், ட்ரொம்போன் மூன்றும் வாயே திறப்பதில்லை. நாலாம் பகுதியின் முன்னுரையில் ஹோர்ன் பெரிய வரி ஒன்றை ஊதி முடித்த பிறகு, தேவாலயப் பாட்டு மாதிரி மெல்லிய நாலு வரி எங்களுக்கு வருகிறது, முதல் ட்ரொம்போன் அதைத் தொடங்குவது உயரத்து ஏ ஸ்வரத்தில். சத்தமாக என்றால் யாரும் ஊதலாம், மெதுவாக, இனிமையாக என்று எழுதியிருக்கிறார்.

நான் அதை முதல் தடவை ஊதிய ஒத்திகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்று பகுதியையும் உட்கார்ந்து கேட்டேன், கேட்கவில்லை, எண்ணினேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாத பகுதிகளிலும் எண்ணினேன், பயத்தில். நாலாம் பகுதி தொடங்கியபோது கை குளிர்ந்திருந்தது, வாய் காய்ந்திருந்தது. எனக்கு முன்னால் ஹோர்ன் பாடுகிறது, நான் இன்னும் ஆறு பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) இருக்கும்போதே வாத்தியத்தைத் தூக்கி உதட்டில் வைத்து மூச்சை இழுத்து அடைத்து வைத்துக்கொண்டேன். என் இடம் வந்தபோது அந்த ஏ வரவில்லை. காற்றுத்தான் வந்தது, பிறகு ஒரு சின்ன விக்கல், பிறகு தவறான ஸ்வரம். ஓர்கெஸ்ட்ராவை நடத்துகிற கொண்டக்டர் நிறுத்தவில்லை, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார், அது இன்னும் மோசம். அன்று நான் ஊதியது மொத்தமாகப் பதினைந்து நிமிடம்கூட இருக்காது. வீட்டுக்கு வந்து, நீங்கள் சொன்ன மாதிரியே, சப்பாத்தோடு விழுந்தேன். மறுநாள் காலையில் உதட்டில் ஒரு நோவும் இல்லை. நொந்தது தோள்பட்டையும் கழுத்தும் விலாவும்.

நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? உதடு நோகிறது என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. தலை பாரம், தோள் இறுக்கம், நித்திரை வராமல் காதுக்குள் எண்ணிக்கை ஓடுகிறது என்று சொல்கிறீர்கள். ஊதுவதால் வருகிற களைப்புக்கு இப்படி முகம் இல்லை. எண்ணுவது மூளையைச் சும்மா விடாது, 40 பார் ஓய்வு என்றால் நாற்பதையும் எண்ணும்போதே கொண்டக்டரையும் பார்க்கவேண்டும் (பஸ் கொண்டக்டராவது சில்லறையை மட்டும் கேட்பார்), பக்கத்திலிருப்பவர் விரல் மடக்கி எண்ணுவது நம்முடைய எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கவேண்டும். நடுவில் ஓர்கெஸ்ட்ரா கொண்டக்டர் நிறுத்திவிடுவார். இரண்டாம் வயலின்காரர்களின் வில் மேலே போகவேண்டுமா கீழே வரவேண்டுமா என்று இருபது நிமிடம் கதை நடக்கும். பிறகு "எழுத்து டி-யில் இருந்து" என்று, தாளில் ஒத்திகைக்காகக் குறித்த ஒரு எழுத்தைச் சொல்வார், ட்ரம்பட் மூன்று பார் கழித்து வருகிறது, தூக்குவீர்கள், மூச்செடுப்பீர்கள், உதட்டைச் சரிசெய்வீர்கள், ஒரு பார் இருக்கும்போது மறுபடி நிறுத்துவார். இறக்குவீர்கள். இப்படி ஒரு பின்னேரத்தில் முப்பது நாற்பது தரம் ஏறி இறங்கினால், ஊதாவிட்டாலும் ஊதுவதற்கான தயாரிப்பு முழுக்க உடம்பு செய்து முடித்துவிடுகிறது. பாண்டில் மாஸ்டர் நிறுத்தினால் எல்லாரையும் நிறுத்துவார், தொடங்கினால் எல்லாரும் ஊதுவார்கள், அரைகுறை இல்லை.

மூன்றாவது விஷயம் வாத்தியத்தின் சூடு, இதுவும் சந்தேகமில்லாத பௌதிகம். உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும், ஒரு பாகை செல்சியசுக்கு, அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஏறத்தாழ மூன்று பங்கு. ஏசி மண்டபத்தில் இருபது நிமிடம் மடியில் கிடந்த ட்ரம்பட் உங்கள் மூச்சுச் சூட்டை முழுக்க இழந்துவிடும். திடீரென்று ஊதும்போது சுருதி தாழ்ந்து வரும், காது அதைக் கேட்கும், உதடு இறுக்கி மேலே தூக்கப் பார்க்கும். அந்த இறுக்கம்தான் செலவு. ஏசி இல்லாத பாடசாலை மண்டபத்தில் நேர்மாறு. மார்ச் ஏப்ரலில் காற்று வாத்தியங்கள் எல்லாம் ஏறும், வயலின் நரம்புகள் சூட்டில் தளர்ந்து இறங்கும், இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும். மேலே மின்விசிறி, தாள் பறக்காமல் உடுப்புக் கிளிப், கிளிப்புக்குக் கீழே மறைந்துபோன ஒரு ஃபிளாட் குறி, ஸ்வரத்தை அரை இறக்கச் சொல்கிற குறி. கொழும்பில் ஓர்கெஸ்ட்ராவில் ஊதுகிறவன் எல்லாரும் இதைக் கண்டிருப்பான்.

நாலாவதாக ஒன்று சொல்கிறேன், உங்கள் விஷயத்தில் இதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன், ஆனால் இது நீங்கள் எழுதியதை வைத்து நான் ஊகிப்பது. பி ஃபிளாட் ட்ரம்பட்டை (தாளில் சி என்று இருப்பதை ஊதினால் பி ஃபிளாட் கேட்கிற வாத்தியம்) வைத்துத்தான் ஊதுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாண்டில் உங்கள் தாள் எல்லாம் பி ஃபிளாட் ட்ரம்பட்டுக்கே எழுதப்பட்டது, கண்ணில் கண்டதை விரல் ஊதும். பழைய ஓர்கெஸ்ட்ரா இசையில் ட்ரம்பட்டின் தாள் அப்படி வராது. நியூ வேர்ல்டின் முதற்பகுதியில் மேலே "ஈ" என்று, அதாவது ஈ சுருதி ட்ரம்பட்டுக்கு என்று, எழுதியிருக்கும், பிறகு வேறு பகுதிகளில் சி, ஈ ஃபிளாட் என்று மாறும். ஈ என்றால், தாளில் இருப்பதை விட மூன்று முழு ஸ்வரம் மேலே நீங்கள் பி ஃபிளாட்டில் ஊதவேண்டும். தாளில் சி என்று இருந்தால் நீங்கள் எஃப் ஷார்ப், வால்வு எதுவும் அழுத்தாத இடத்தில் இரண்டாம் வால்வு. ஜி என்று இருந்தால் சி ஷார்ப், முதலாவதும் இரண்டாவதும். எங்கள் சங்கீதத்தில் பாடகர் சுருதியை ஒரு கட்டை மாற்றினாலும் ச ரி க ம பெயர் மாறுவதில்லை, அதனால் இந்தத் தொல்லை நமக்கு உடனே விளங்காது. ட்ரம்பட்டில் பெயர் நிற்க விரல் மாறுகிறது. பழக்கப்பட்ட ஓர்கெஸ்ட்ராக்காரர்கள் இதை வருடக்கணக்கில் பயிற்சி செய்து கண்ணிலேயே மாற்றுவார்கள். ஆறு மாதமே ஆன உங்களுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு சின்னக் கணக்கு. 40 பார் எண்ணிக்கொண்டு, ஏறி இறங்கிக்கொண்டு, அதற்குள் கணக்கும் போட்டால் களைக்காமல் என்ன செய்யும்? வெட்கப்படாமல் முதல் சில வாரம் பி ஃபிளாட்டுக்கு மாற்றி எழுதிய தாளை வைத்து ஊதுங்கள், பக்கத்தில் அசல் தாளையும் வைத்து வீட்டில் பழகுங்கள். இதைக் குறுக்குவழி என்று சொல்கிற மூத்தவர்கள் இருப்பார்கள், கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். பாதுகாப்பான அளவு என்று, வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்க நியோஷ் அமைப்பு பரிந்துரைப்பது எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபல், ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 94 என்றால் ஒரு மணித்தியாலம்தான். ட்ரம்பட் வரிசையில், சிம்பலும் டிம்பனியும் பக்கத்தில் இருக்கிற இடத்தில், 94ஐத் தாண்டுவது அதிசயமே இல்லை, நாலு சீமெந்துச் சுவருக்குள் ஊதுகிற பாடசாலை பாண்ட் அறையில் இன்னும் மோசம். இது காதைக் கெடுக்கும் என்பது உறுதி. சத்தம் ஆளையும் சோர வைக்கிறது என்று நான் நம்புகிறேன், எனக்கு ஒத்திகை முடிந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் காலி வீதி முழுக்க யாரோடும் கதைக்க மனம் வராது. இசைக்காரருக்கென்று செய்த காதடைப்பான் வாங்கிப் போட்டபிறகு அது பாதியாகக் குறைந்தது. என் ஒருவனின் அனுபவம், அவ்வளவுதான்.

மரவாத்தியக்காரரின் களைப்பைப் பற்றிக் கேட்காவிட்டாலும் ஒரு வரி, ஏனென்றால் உங்கள் கேள்விக்குக் கீழே ஒரு தங்கச்சி தனக்கும் இதே பிரச்சினை, ஒபோவில் என்று எழுதியிருக்கிறாள். ஒபோவில் மூச்சுப் போதாமல் தவிப்பதில்லை, மூச்சு மிஞ்சித் தவிப்பது. வாயில் வைத்து ஊதுகிற நாணல் றீட்டின் துவாரம் மிகச் சின்னது, உள்ளே கொஞ்சம் காற்றுத்தான் போகும், நெஞ்சில் பழைய காற்று நிறைந்து கிடக்கும், புதியதை எடுக்க முதல் அதை வெளியே விடவேண்டும். புளூட்டில் இதற்கு நேர்மாறு, காற்றில் பெரும்பங்கு வெளியே போய்விடும், தலை சுற்றும். இந்த மூச்சுப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்றால், 1915இல் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் தன் ஆல்ப்ஸ் சிம்பொனியில் காலால் மிதிக்கிற துருத்தியிலிருந்து குழாய் வழியாக வாய்க்குள் காற்றுக் கொடுக்கிற ஒரு கருவியைப் பாவிக்கச் சொல்லித் தாளிலேயே எழுதிவைத்தார். ஊதுகிறவன் மூக்கால் மூச்சு விட்டுக்கொள்ளலாமாம். அந்தக் கருவி நிலைக்கவில்லை. தங்கச்சிக்கு நான் சொல்லக்கூடியது, எங்கே மூச்செடுப்பது என்று குறிக்கிற மாதிரியே எங்கே மூச்சை விடுவது என்றும் பென்சிலால் குறித்து வைக்கச் சொல்லி எங்கள் ஒபோக்காரி தன் மாணவர்களிடம் சொல்வாள், அது நல்ல புத்தி.

சரி, இப்போது எனக்கே முழு நிச்சயம் இல்லாத பகுதிக்கு வருகிறேன். நீங்கள் ஒப்பிடுகிற இரண்டும் உண்மையில் ஒப்பிடக்கூடியவையா? பாண்டில் ஊதிய ஆளுக்கு 17 வயது. பாடசாலை விட்டு இரண்டு மணிக்குத் தொடக்கம், பக்கத்தில் கன்ரீன், சிநேகிதர்கள், மாலுபான். ஓர்கெஸ்ட்ராவில் ஊதுகிற ஆளுக்கு 26. காலை எட்டிலிருந்து கணினித் திரை, ஐந்தரைக்கு ராஜகிரியவில் ஏறினால் பொரளையில் நிற்கிற வாகன வரிசை, ஆறரைக்கு மண்டபத்தில் மூச்சு வாங்க வந்து, சாப்பிடாமல், பெட்டியைத் திறந்தவுடன் ஊதத் தொடக்கம், ஒன்பதரைக்குத்தான் முடிவு. 1958இலிருந்து கொழும்பில் சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா ஒன்று இருக்கிறது, அதைவிடச் சின்னக் குழுக்களும் இருக்கின்றன, நான் இருந்த குழுக்களில் பெரும்பாலானவர்கள் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள்தான், முப்படை பாண்டுகளில் இருந்து வந்து ஊதினவர்கள் மட்டும் இரவு ஒன்பது மணிக்கும் புதிதாகப் பூத்த மாதிரி இருப்பார்கள். அவர்களுக்கு ஊதுவதுதான் பகல் வேலை, உதடும் முதுகும் அதற்குப் பழகியவை. ஆகவே உங்கள் களைப்பில் எவ்வளவு சிம்பொனியுடையது, எவ்வளவு வீதியுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல ஏலாது. ஒரு சனிக்கிழமை, பகல் நித்திரை கொண்டெழுந்து ஒத்திகைக்குப் போய்ப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பதற்றமும் ஒரு பங்கு. இரண்டாம் ட்ரம்பட்டின் வேலை முதலாமவருக்கு ஒத்து ஊதுவது என்று கேலியாகச் சொல்வார்கள், உண்மையில் அது கஷ்டமான வேலை. அவர் போகிற சுருதிக்கும் அளவுக்கும் ஒத்துப்போகவேண்டும், தாழ்ந்த ஸ்வரங்களை மெதுவாகத் தொடங்கவேண்டும், அவர் பிழையாக வந்தால் நாமும் கூட வருவதா வேண்டாமா என்று அரை விநாடியில் முடிவெடுக்கவேண்டும். புதியவர்கள் ஓய்வு முழுக்க மூச்சைச் சின்னச் சின்னதாக, நெஞ்சுக்கு மேலேயே எடுத்துக்கொண்டிருப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், தாங்கள் செய்வது அவர்களுக்கே தெரியாது. இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம், அளந்து நிரூபித்தது இல்லை.

என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன். எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், ஓய்வுக்கு மேல் பென்சிலால் அடையாளம் எழுதுகிறேன், 24ஆம் பாரில் புளூட், 31இல் ஹோர்ன் இரண்டு தரம், அப்புறம் நான் என்று. வீட்டில் இசைத்தட்டைப் போட்டுத் தாளைப் பார்த்துக் கேட்டால் அரை மணித்தியாலத்தில் இதை எழுதிவிடலாம், பிறகு எண்ணத் தவறினாலும் காது வழி காட்டும். ஓய்வில் முதுகைக் கதிரையில் முழுதாகச் சாய்த்துவிடுகிறேன், வாத்தியத்தை உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. வருவதற்கு நாலைந்து பார் முன் வாத்தியத்துக்குள் சத்தமில்லாமல் சூடான மூச்சை விட்டுக் குழாயைச் சூடாக்குகிறேன். மூச்சை ஒரு பார் முன்னால் எடுத்து அடைத்து வைக்காமல், ஊதப்போகிற வேகத்திலேயே எடுத்து, நிற்காமல் ஊதுகிறேன். இந்தக் கடைசி விஷயத்துக்கு எனக்குப் பத்து வருடம் பிடித்தது. வீட்டுப் பயிற்சியில் பாண்ட் பழக்கப்படி ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஊதுவதோடு, வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து ஏதாவது வாசித்துவிட்டு, திடீரென்று எழுந்து ஒரு மெல்லிய ஸ்வரத்தைச் சுத்தமாகத் தொடங்கிப் பாருங்கள். முதல் மாதம் கேவலமாக வரும். ஒத்திகைக்கு ஒரு மணித்தியாலம் முன் ஏதாவது சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் ஊதுவது மாதிரி மடத்தனம் இல்லை. அப்புறம் துணிவிருந்தால் குழுவின் பொறுப்பானவரிடம் கேளுங்கள், பித்தளைக்காரரைக் கூப்பிடுகிற நேரத்தைத் தனியாக வைத்து, நரம்பு வாத்தியங்களை முதலில் பார்க்கலாமே என்று. பல கொண்டக்டர்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள், யாரும் கேட்காததால்தான் செய்வதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதெல்லாம் உதட்டில் நோவில்லாத களைப்புக்கு. ஊதும்போது உதட்டில் சுரீரென்று குத்தினால், அடுத்த நாளும் வீக்கமோ மரத்தலோ இருந்தால், அல்லது நோவே இல்லாமல் வாயின் ஓரத்தால் காற்றுக் கசிந்து, நேற்றுவரை வந்த ஸ்வரங்கள் வாரக்கணக்கில் பிடிபடாமல் போனால், அது வேறு கதை. வாயைச் சுற்றிய அந்த வளையத் தசையே கிழிந்துபோவதற்கு லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் பட்டப்பெயரை வைத்து சாட்ச்மோ நோய் என்று வைத்தியர்கள் பெயர் சொல்வார்கள். நரம்புக் கட்டுப்பாடு குழம்பிப்போகிற டிஸ்டோனியா என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டிலும் விடாமுயற்சி உதவாது, கெடுக்கும். வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும். நீங்கள் எழுதியதில் இந்த அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஒத்திகைக்கு முன் நியூ வேர்ல்டின் முதற்பகுதியை மட்டும் பி ஃபிளாட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டு, ஓய்வுகளுக்கு மேல் அடையாளமும் போட்டுக்கொண்டு, பொரளைச் சந்தியில் நிற்கும்போது ஒரு ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முடிந்ததா என்று எழுதுங்கள்.